கொள்ளிடத்துக்கு வடக்கே: படியும் சம்பளச் சீட்டும்

"நம்ம வீட்டுப் புள்ள மாதிரி" என்று மண்டிக்காரர்கள் தங்களிடம் வேலை செய்கிறவனைச் சொல்வது அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் சாதாரணம். பண்ணையிலிருந்து கடைத்தெருவுக்கு வந்த பேச்சு இது. நிலம் வைத்திருந்த குடும்பங்கள்தான் எங்கள் பக்கம் பின்னால் நெல் மண்டி, அரிசி ஆலை, உரக்கடை என்று வைத்தன. படியாளின் மகன் அங்கே மூட்டை தூக்கப் போனான். கணக்கு மட்டும் பழைய கணக்கு.

ஆற்றோரம் நெல், மேட்டில் கம்பு, சோளம், வரகு. படியாளுக்குப் படி அதிலேதான். ரொக்கம் என்று கண்டது முன்பணம் ஒன்றுதான். கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கியது, எத்தனை வருசம் உழைத்தாலும் கழியாது. "மரக்கா அவங்களுது, தலை தட்டுற கையும் அவங்களுது" என்பார் எங்கப்பா. அரசு உத்தியோகஸ்தருக்கும் பயணப்படி, அகவிலைப்படி உண்டு. அதே படிதான். அவரை யாரும் படியாள் என்று கூப்பிடுவதில்லை.

1843ஆம் வருசத்து ஐந்தாம் சட்டம் அடிமை உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்றது. கடனுக்கு ஆளைக் கட்டி வைப்பதை ஒழிக்க அதற்குப் பிறகும் 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வர வேண்டியிருந்தது. நடுவில் 1952ல் ராஜாஜி அரசு கொண்டுவந்த பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தின் பெயரிலேயே தஞ்சாவூர் இருக்கிறது. அதிலும் ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு, அதாவது 6⅔ ஏக்கருக்கு, மேல் இல்லாத நிலக்காரருக்கு விலக்கு. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்துக் கொன்ற பிறகு வந்த 1969 நியாயக்கூலிச் சட்டமும் கீழத்தஞ்சைக்குத்தான். அங்கே செங்கொடிச் சங்கம் இருந்தது, போராடி வாங்கினார்கள். வடகரை அன்றைக்குத் திருச்சி மாவட்டம். சட்டம் ஆற்றைத் தாண்டவில்லை.

கடை, ஆலை என்று வந்தால் தலையை எண்ணினார்கள். 1948 தொழிற்சாலைச் சட்டத்துக்கு மின்சாரம் ஓடினால் 10 பேர், இல்லையென்றால் 20 பேர் வேண்டும். வைப்புநிதிக்கு 20, பணிக்கொடைக்கு 10. எங்கள் மண்டிகளில் ஆறு பேர், மிஞ்சினால் ஏழு பேர். 1947 கடைகள் சட்டம் அப்படி எண்ணவில்லை. எட்டு மணி நேர வேலை, வாரம் ஒருநாள் லீவு, ஆறு மாதம் வேலை பார்த்தவனைக் காரணம் இல்லாமல் நிறுத்தக் கூடாது என்றெல்லாம் அதில் இருந்தது. ஆனால் ஆறு மாதம் வேலை பார்த்தான் என்பதற்கு அத்தாட்சி எங்கே?

நான் 1986லிருந்து நாலு வருசம் ஒரு நெல் மண்டியில் இருந்தேன். பேர் வேண்டாம். பதிவேடு கிடையாது. சனிக்கிழமை பாதிக் கூலி கையில். மீதி "கணக்குல இருக்கு". நோட்டு கல்லாப்பெட்டிக்கு அடியில். கல்லாவில் முதலாளியின் மச்சான் மகன் உட்கார்ந்தான், எனக்கு அப்புறம் வந்தவன். அந்த இடத்துக்கு உயர வேண்டுமானால் அந்தக் குடும்பத்தில் பிறந்திருக்க வேண்டும். புள்ளை மாதிரி என்றார்கள், டம்ளர் தனி. களத்தில் நெல் காயவைத்த பெண்களுக்கு எங்கள் கூலியில் பாதி. சம ஊதியச் சட்டம் வந்து பத்து வருசம் ஆகியிருந்தது. நின்றுகொள்கிறேன், மீதியைக் கொடுங்கள் என்று கேட்டேன். "ஏண்டா, புள்ளையாட்டம் வச்சிருந்தேன், எங்கிட்டயே கணக்கு கேக்கிறியா?" என்றார். அந்தப் பணம் வரவேயில்லை.

சம்பளச் சீட்டு என்ற காகிதத்தை நான் முதலில் பார்த்தது, அரியலூர் அரசு சிமெண்ட் ஆலையில் வேலை கிடைத்த பங்காளி ஒருவர் கையில். அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, பிடித்தம் எல்லாம் தனித்தனியாக அச்சடித்திருந்தது. யாரும் அவரைப் புள்ளை மாதிரி என்று சொல்லவில்லை. அவருக்கு அது தேவைப்படவும் இல்லை.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் அமலுக்கு வந்தன. தொழிற்சாலை என்பதற்கான எண்ணிக்கை 10லிருந்து 20 ஆகவும், மின்சாரம் இல்லாத இடத்தில் 20லிருந்து 40 ஆகவும் ஏறிவிட்டது. ஊதியத் தொகுப்பு, பதிவேடும் சம்பளச் சீட்டும் வேண்டும் என்கிறது. நல்லதுதான். கூடவே ஒரு உட்பிரிவு: விவசாயத்துக்கோ வீட்டு வேலைக்கோ ஐந்து பேருக்கு மேல் வைக்காதவருக்கு அவை வேண்டாம், ஆய்வாளர் வந்து கேட்டால் கூலி கொடுத்ததற்கு ஏதாவது ஆதாரம் காட்டினால் போதும். எங்கப்பா படியாளாக இருந்த வீட்டில் அவரையும் சேர்த்து நாலு ஆள்.