ஒரே போல்ட், மூன்று குழல்: துளையின் அரசியல் குறித்துச் சில குறிப்புகள்

1

திருச்செங்கோட்டுப் பக்கம் போய் 'போர்' என்று சொன்னால் யாருக்கும் குருக்ஷேத்திரம் ஞாபகம் வராது. 'எத்தனை அடியில தண்ணி?' என்றுதான் கேட்பார்கள். ரிக் வண்டிகளின் ஊர் அது. நாலரை அங்குலமா, ஆறரை அங்குலமா என்பதை முதலில் முடிவு பண்ணணும். பிட்டு, கேசிங் குழாய், மோட்டார், செலவு எல்லாம் அதற்குப் பின்னால் தானாக வந்து சேரும். துளையின் அளவு ஓர் ஏற்பாட்டையே தீர்மானிக்கிறது என்பது இங்குள்ள எந்த விவசாயிக்கும் தெரிந்த சங்கதி.

துப்பாக்கிக்கும் இதே சொல்தான். 'அவுருகிட்ட பன்னெண்டு போர் இருக்குது' என்று சேலம், நாமக்கல் சமவெளியில் ஒருவரைப் பற்றிச் சொன்னால், அது அவருடைய நிலத்தையும் சாதியையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. தேர்தல் அறிவித்ததும் உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வருகிறார்களே, அவர்களில் எத்தனை பேர் காலனியிலிருந்து வருகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

போல்ட் இழுத்துச் சுடும் ரைபிளுக்குப் புதுக்குழல் போடும்போது எந்தத் தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது? மேலை நாட்டுத் துப்பாக்கிப் பிரியர்கள் இதை ரசனை சார்ந்த கேள்வியாகப் பேசுகிறார்கள். எவ்வளவு தூரம் பாயும், தோளில் எவ்வளவு உதைக்கும், கடையில் கிடைக்குமா என்பதெல்லாம் அவர்கள் கவலை. நம் நாட்டில் இந்தக் கேள்விக்கு வேறொரு வரலாறு உண்டு. இங்கே தோட்டாவைத் தேர்ந்தெடுத்தது சுடுகிறவன் அல்ல.

2

கொஞ்சம் இயந்திரத்தைப் பார்த்துவிடுவோம். குழலை மாற்றுவது சட்டையை மாற்றுவது மாதிரி இல்லை. மூன்று விஷயங்கள் ஒத்துப்போகணும். ஒன்று, தோட்டாவின் அடிவட்டம் போல்ட்டின் முகத்தில் பொருந்தணும். இரண்டு, அதன் நீளம் மகசினில் அடங்கணும். மூன்று, மருந்து வெடிக்கும் அழுத்தத்தை உருக்கு தாங்கணும். இதில் மூன்றாவது தப்பினால் சுடுகிறவன் முகத்துக்கே ஆபத்து.

1895இல் வந்த லீ-என்ஃபீல்டே இப்படிப் பிறந்ததுதான். முந்தைய லீ-மெட்ஃபோர்டின் மேலோட்டமான வரிப்பள்ளங்களைக் கார்டைட் என்ற புதுமருந்து அரித்துத் தின்றது. ஆகவே ஆழமான வரிகளோடு வேறு குழல் போட்டார்கள். அதுவே பின்னால் நம் போலீஸ்காரர்களின் தோளில் 'த்ரீ-நாட்-த்ரீ'யாகத் தொங்கியது. 1904இல் வங்காளத்தின் இஷாப்பூரில் ரைபிள் தொழிற்சாலை நிறுவப்பட்டு, அதே வகைத் துப்பாக்கி இங்கேயே தயாரானது. இதுவரை எல்லாம் தொழில்நுட்பம். இனிமேல்தான் அரசியல்.

3

1857 எழுச்சிக்குப் பொறி வைத்ததே ஒரு தோட்டாதான், கொழுப்பு தடவிய என்ஃபீல்டு தோட்டா. அதை அடக்கிய பிறகு வெள்ளை அரசு செய்த காரியம் அதிகம் பேசப்படுவதில்லை. சுதேசிப் படையினருக்கென்று, அந்த என்ஃபீல்டின் வரிப்பள்ளங்களைக் கடைந்து வழவழப்பாக்கிய துப்பாக்கியைக் கொடுத்தார்கள். பார்வைக்கு அதே ஆயுதம்தான், ஆனால் தூரமும் குறியும் போச்சு. அதற்கப்புறமும் வெள்ளைச் சிப்பாய் கையில் ஒரு தலைமுறை ஆயுதம், கறுப்புச் சிப்பாய் கையில் அதற்கு முந்தைய தலைமுறை என்பதே வழக்கமாக இருந்தது. 1878இன் ஆயுதச் சட்டம் குடிமக்களுக்கு உரிமம் கேட்டது, ஐரோப்பியர்களுக்கு விலக்களித்தது.

இந்தப் பின்னணியில் இஷாப்பூர் பட்டறையைப் பாருங்கள். ஒரே போல்ட், மூன்று குழல்.

முதல் குழல் .410. பழைய .303 ரைபிள்களின் குழலை அகலப்படுத்தி, வரிகள் இல்லாத மஸ்கட்டாக மாற்றினார்கள். மகசினை அடைத்து, ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுடும்படி செய்தார்கள். தோட்டாவும் .303இன் கூட்டையே கழுத்து குறுக்காமல் விட்டது. போலீஸ், சிறைக்காவலர் போன்றோருக்கானது இது. கிட்டத்தில் நிற்கும் கூட்டத்தைச் சுட இது போதும். கூட்டம் பிடுங்கிக்கொண்டாலும், காவலனே கலகம் பண்ணினாலும், ராணுவத்தின் தோட்டா இதில் வேலைக்காகாது. சுடச் சொல்லி அனுப்பியவனையே நம்பாத அரசு, அந்த அவநம்பிக்கையை உருக்கில் கடைந்து வைத்தது. அதிகாரம் உடலின்மீது எழுதுவதாக ஃபூக்கோவைப் படித்துவிட்டுப் பேசுகிறோம். இங்கே அது இரும்பின்மீது எழுதியிருக்கிறது.

இரண்டாவது குழல் .315. ராணுவத் தோட்டாவைத் தனியார் வைத்திருக்கக் கூடாது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் .450 துளையையும் இந்தியாவில் தடை செய்தபோது, பெரிய மிருக வேட்டைக்காரர்களுக்காக லண்டன் கம்பெனிகள் .465, .470 என்று புதுத்துளைகளையே கண்டுபிடித்தன. பணம் இருப்பவனுக்குச் சட்டம் எப்போதும் ஒரு நூலிழை இடம் விட்டுத்தான் வைக்கும். லீ-என்ஃபீல்டு இயந்திரத்துக்கு ஆஸ்திரியாவின் பழைய 8 மி.மீ. மான்லிக்கர் தோட்டா பொருந்தியது. விளிம்பு உள்ள தோட்டா, நீளமும் கிட்டத்தட்ட .303 அளவுதான். நாட்டின் கிடங்குகளில் இருந்த சர்க்கார் தோட்டா இதில் நுழையாது. ஜமீன்தாருக்கும் எஸ்டேட் துரைக்கும் வேறென்ன வேணும்?

மூன்றாவது குழல் 7.62. 1962 சீனப் போருக்குப் பின், புதிய தானியங்கி ரைபிள்கள் போதாமல், பழைய லீ-என்ஃபீல்டு வடிவத்தையே நேட்டோ தோட்டாவுக்கு மாற்றினார்கள். விளிம்பில்லாத தோட்டா, கூடுதல் அழுத்தம். ஆகவே குழலோடு விஷயம் முடியவில்லை. உருக்கை வலுவாக்கி, தோட்டாவைப் பிடித்திழுக்கும் கொக்கியையும் மகசினையும் மாற்றி, முழுத் துப்பாக்கியையும் புதிதாகவே செய்தார்கள். 2ஏ, 2ஏ1 என்று பெயர். தொழிலாளர் திறமைக்குச் சாட்சி என்று இதை ஒத்துக்கொள்ளத்தான் வேணும்.

ஆக எல்லைக்கு ஒன்று, சொந்த மக்களைச் சுட ஒன்று, உடைமையாளனுக்கு ஒன்று. சுதந்திரம் வந்து இந்த வரிசை கலைந்ததா?

4

1959இல் நிறைவேறி 1962 அக்டோபரில் அமலுக்கு வந்த ஆயுதச் சட்டத்தின் விதிகளைப் படித்தால் விடை கிடைக்கும். .303, 7.62 ராணுவத் தோட்டா நுழையக்கூடிய ரைபிள்கள் தடைசெய்யப்பட்டவை. அதே பட்டியலில் .410 மஸ்கட்டும் இருக்கிறது. போலீசுக்கென்று பல் பிடுங்கிய துப்பாக்கிகூட மக்களுக்கு ஆகாது. 2016இல் விதிகளை மாற்றி எழுதினார்கள், 'தடைசெய்யப்பட்ட துளை' மட்டும் போகவில்லை. .315 இன்றும் உரிமதாரருக்குக் கிடைக்கிறது. 2021இல் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு இஷாப்பூரும் நம் திருச்சியும் ஒரே அரசுக் கம்பெனிக்குள் வந்தன. பெயர்ப்பலகை மாறியது, அவ்வளவுதான்.

இந்த ஏணியின் கடைசிப் படி நம் கண்ணெதிரே, கொல்லிமலையிலும் கல்வராயனிலும் இருக்கிறது. மலைக்காரரின் நாட்டுத் துப்பாக்கிக்குத் தோட்டாவே கிடையாது. வாய்வழியாக மருந்தும் குண்டும் இடித்துச் சுடுவது. தோட்டாவின் அளவை வைத்து இதைக் கட்டுப்படுத்த முடியாதாகையால், அரசு ஆளையே கட்டுப்படுத்துகிறது. 1972இன் வனவிலங்குச் சட்டத்துக்குப் பின், பயிரைத் தின்ன வரும் பன்றியை விரட்டுகிறவன் இரண்டு சட்டங்களின் குற்றவாளி. கீழே சமவெளியில் 'பன்னெண்டு போர்' கௌரவம், மேலே மலையில் அதைவிட எளிய குழாய் வழக்கு.

எல்லார் கையிலும் துப்பாக்கி கொடுங்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. அப்படிக் கொடுத்தால் அது முதலில் யாரை நோக்கித் திரும்பும் என்பது சேரிக்குத் தெரியும். ஆனால் 'ஆயுதக் கட்டுப்பாடு' என்ற சொல்லை அமைதியின் மறுபெயராக ஏற்கும்முன் ஒரு தேதியை நினைவில் வைப்போம். 1950 பிப்ரவரி 11. குடியரசு பிறந்து பதினாறு நாள். சேலம் மத்தியச் சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் மலபார் விவசாயிகள். பூட்டிய சிறைக்குள் இருந்தவர்கள். உரிமம் உள்ளதோ இல்லாததோ, எந்தத் துளையிலும் அவர்கள் கையில் துப்பாக்கி இல்லை.