ஹோம்ஸ்பேர்க் சிறையும் தோற் பரிசோதனையும்

ஐயத்துக்குரிய பொருளைத் துணியில் இட்டுத் தோலில் ஒட்டிவைத்து, பின்னர் அதனை நீக்கிச் சிவப்போ கொப்புளமோ தோன்றியுள்ளதா என நோக்கும் முறையை 1895இல் யோசெப் யாடசோன் என்னும் தோல் மருத்துவர் எடுத்துரைத்தார். நோயாளிக்கு ஒவ்வாததைக் கண்டறிவதே அவரது நோக்கம். இவ்வொட்டுப் பரிசோதனை காலப்போக்கிற் கைத்தொழில் நிறுவனங்களுக்கும் பயன்படலாயிற்று. அவற்றுக்கு வேண்டியது நோயாளரன்று. நோயற்ற தோல், அதுவும் பெருந்தொகையாக.

அத்தோல் பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பேர்க் சிறையிற் கிடைத்தது. 1951இல் அங்கு கைதிகளின் பாதங்களிற் பங்கசு நோய் பரவியபோது, பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அல்பேர்ட் கிளிக்மன் அழைக்கப்பட்டார். தாம் கண்டதெல்லாம் ஏக்கர்க்கணக்கான தோலே எனப் பின்னாளிற் பத்திரிகையொன்றுக்கு அவர் கூறினார். உழவன் வளமான நிலத்தை நோக்கும் பார்வை அது. 1974 வரை ஷம்பூ, நாற்றநீக்கி, பாதத்தூள், முகப்பூச்சு முதலியன அக்கைதிகளின் உடலிற் சோதிக்கப்பட்டன. 1971இல் அங்கு எழுத்தறிவு கற்பிக்கச் சென்ற அலன் ஹோர்ன்பிளம், கட்டுத்துணி ஒட்டிய முதுகுகளைக் கண்டு கத்திச் சண்டையோ என ஐயுற்றார். வாசனைப் பொருட் சோதனை என விடை கிடைத்தது. அவரே 1998இல் இவ்வரலாற்றை நூலாக்கினார்.

கைதிகள் ஒப்பமிட்டனர், பணமும் பெற்றனர். ஆயினும் அவர்களைத் தொண்டர் எனல் பொருந்துமா? கறுப்பினத்தவரே அவர்களுட் பெரும்பான்மையினர். பலர் பிணைப்பணமின்றி விசாரணைக்குக் காத்திருந்தோர். சிறைவேலைக்கு நாளொன்றுக்குச் சில சதங்களே கிடைத்த இடத்தில், தோலைக் கொடுத்தோர் பல டொலர்களைப் பெற்றனர். எதனைப் பூசுகின்றனர் என்பதும் பலருக்குத் தெரியாது. 1960களில் டவ் கெமிக்கல் நிறுவனத்துக்காக டயொக்சின் நஞ்சு பூசப்பட்டது. பத்துக் கைதிகளுக்கு, அந்நிறுவனம் வகுத்த அளவின் 468 மடங்கு இடப்பட்டது.

அக்கால வழக்கத்துக்கு அமையவே நடந்ததாகக் கிளிக்மன் வாதிட்டார். வழக்கம் அதுவே என்பது மெய். ஆனால் சோதனைக்கு உட்படுவோரின் சுயவிருப்பான சம்மதம் இன்றியமையாதது என நுரெம்பேர்க்கில் 1947இல் விதித்தோரும் அமெரிக்க நீதிபதிகளே. நாசி மருத்துவருக்கு உரைத்த அவ்விதி தமது நாட்டுச் சிறைக்கும் உரியதென அமெரிக்க மருத்துவ உலகம் நெடுங்காலம் எண்ணவில்லை.

2000இல் ஏறத்தாழ 300 முன்னாட் கைதிகள் தொடுத்த வழக்கு, காலங் கடந்ததெனத் தள்ளப்பட்டது. கிளிக்மன் 2010இல் மறைந்தார். பல்கலைக்கழக மருத்துவ பீடம் 2021இலும் பிலடெல்பியா நகரம் 2022இலும் மன்னிப்புக் கோரின.