ரெட்லைனிங்

ஒரு வட்டாரத்தில் வாழ்பவர்களின் இனத்தையோ பூர்வீகத்தையோ மனத்தில் வைத்து, அந்த வட்டாரம் முழுவதற்கும் வீட்டுக் கடன், காப்பீடு போன்றவற்றை மறுப்பதும், கொடுத்தாலும் கடுமையான நிபந்தனைகளோடு கொடுப்பதும் ரெட்லைனிங் எனப்படும். கடன் கேட்டு வருபவரின் சம்பளமோ சேமிப்போ நாணயமோ கணக்கில் வராது. முகவரி ஒன்றே முடிவு செய்துவிடும். வங்கி ஒரு தனி மனிதரை இனம் பார்த்துத் திருப்பி அனுப்பினால் அதுவும் பாகுபாடுதான். ஆனால் இடத்தையே விலக்கி வைப்பதைத்தான் இச்சொல் குறிக்கிறது. அரசியலில் ‘தாண்டக் கூடாத எல்லை’ என்ற பொருளில் வழங்கும் ரெட்லைன் என்பதோடும், ஒப்பந்த வரைவில் திருத்தங்களைக் குறிக்கும் ரெட்லைனோடும் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அமெரிக்காவின் சிகாகோ நகரில், 1960களின் பிற்பகுதியில் நடந்த குடியிருப்போர் போராட்டங்களின் ஊடே இச்சொல் புழக்கத்துக்கு வந்தது. சமூகவியலாளர் ஜான் மெக்நைட் இதை உருவாக்கியதாகப் பொதுவாகச் சொல்வார்கள். பெயர்தான் புதிது, வழக்கம் பழையது. பொருளாதாரப் பெருமந்தத்தில் வீடுகள் ஏலத்துக்குப் போவதைத் தடுக்க, வீட்டு உரிமையாளர் கடன் கழகம் என்ற அரசு அமைப்பு 1933இல் தொடங்கப்பட்டது. 1935 முதல் 1940 வரை இருநூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களை அது தரம் பிரித்து வரைபடம் போட்டது. சிறந்த பகுதிக்குப் பச்சை, அடுத்ததற்கு நீலம், சரிந்துவருவதற்கு மஞ்சள், ‘அபாயமானது’ என்று கருதியதற்குச் சிவப்பு.

ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு படிவம் நிரப்பினார்கள். வீடுகளின் வயது, வாடகை, பழுது ஆகிய விவரங்களோடு, கறுப்பின மக்கள் இருக்கிறார்களா, எத்தனை விழுக்காடு, யாருடைய ‘ஊடுருவல்’ நடக்கிறது என்று கேட்கும் கட்டங்களும் அதே தாளில் இருந்தன. குடிவந்த குடும்பத்தைக் கூரை ஒழுகலோடு சேர்த்துக் குறையாக எழுதிய அந்தத் தாள்தான் இந்த அநீதியின் முழு வடிவம்.

இவ்வரைபடங்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் வரலாற்றாசிரியர் கென்னத் ஜாக்சன். ஆனால் பழி முழுவதையும் வரைபடங்கள் மீது போடுவது சரியல்ல. அந்தக் கழகம் பெரும்பாலான கடன்களை வரைபடங்கள் தயாராகும் முன்பே கொடுத்து முடித்துவிட்டது. சிவப்புப் பகுதிகளுக்கும் கொடுத்தது. பின்வந்த ஆய்வாளர்கள் இதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். அதிகக் கேடு செய்தது 1934இல் அமைந்த கூட்டாட்சி வீட்டு வசதி நிர்வாகம். வங்கிக் கடனுக்கு அரசின் உத்தரவாதம் அதனிடமிருந்தே வரவேண்டும். கறுப்பின மக்கள் வாழும் இடங்களுக்கும், அவற்றை ஒட்டிய இடங்களுக்கும்கூட அது கைவிரித்தது. டெட்ராய்ட்டில் வெள்ளையர்களுக்கு மட்டும் வீடு கட்ட முனைந்த ஒருவருக்கு, பக்கத்தில் கறுப்பினத்தவர் குடியிருப்பு இருந்ததால் உத்தரவாதம் மறுக்கப்பட்டது. இடையே ஆறடி உயரத்தில் அரை மைல் நீளத்துக்கு அவர் சுவர் எழுப்பினார், உத்தரவாதம் கிடைத்தது. 1941இல் எழுந்த அந்தச் சுவரின் பெரும்பகுதி இன்றும் நிற்கிறது.

வங்கி கதவைச் சாத்தியதும் இடைத்தரகர்கள் புகுந்தார்கள். சிகாகோவின் வடக்கு லான்டேல் போன்ற இடங்களில், வாங்கிய விலையைவிட இரண்டு மடங்கு, சமயத்தில் அதற்கும் மேல் வைத்து, கறுப்பினக் குடும்பங்களுக்குத் தவணையில் வீடு விற்றார்கள். கடைசித் தவணை கட்டும்வரை பத்திரம் விற்றவர் பெயரிலேயே இருக்கும். ஒரு தவணை தவறினாலும் வீடும் போச்சு, கட்டிய பணமும் போச்சு. 1968இல் இப்படி வீடு வாங்கியவர்கள் சங்கமாகத் திரண்டு தவணை கட்ட மறுத்துப் போராடினார்கள்.

‘அபாயம்’ என்ற கணிப்பு தன்னைத் தானே மெய்யாக்கிக்கொண்டது. கடன் இல்லாததால் பழுது பார்க்க முடியவில்லை, வீடு சிதைந்தது, விலை விழுந்தது, விழுந்த விலையைக் காட்டியே அடுத்த கடனும் மறுக்கப்பட்டது. சாதாரணக் குடும்பம் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லும் பெரிய சொத்து வீடுதான் என்பதால், இழப்பு ஒரு தலைமுறையோடு நிற்கவில்லை.

மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில், 1968 ஏப்ரல் 11 அன்று, நியாயமான வீட்டு வசதிச் சட்டம் கையெழுத்தாகி இந்தப் பாகுபாட்டைச் சட்டவிரோதமாக்கியது. வங்கிகள் எங்கே கடன் கொடுக்கின்றன என்பதை வெளியிட 1975 சட்டமும், வைப்புத்தொகை திரட்டும் வட்டாரங்களின் கடன் தேவையைக் கவனிக்க 1977 சட்டமும் கட்டாயப்படுத்தின.

சொல்லின் பொருள் பின்னர் விரிந்தது. மறுக்கப்பட்ட அதே வட்டாரங்களைத் தேடிப்போய் அநியாய வட்டிக் கடனைத் தலையில் கட்டுவது ரிவர்ஸ் ரெட்லைனிங். ஏழைப் பகுதிகளுக்கு நல்ல இணையச் சேவை கொடுக்காமல் விடுவது டிஜிட்டல் ரெட்லைனிங். சிவப்புக் கோட்டின் தடம் வெயிலில்கூடத் தெரிகிறது. 108 அமெரிக்க நகரங்களை ஆராய்ந்து 2020இல் வெளியான ஓர் ஆய்வின்படி, அன்று சிவப்பிட்ட பகுதிகளின் தரைவெப்பம், மரங்கள் குறைவாகவும் கான்கிரீட் மிகுதியாகவும் இருப்பதால், மற்றப் பகுதிகளைவிடச் சராசரியாக 2.6 டிகிரி செல்சியஸ் அதிகம்.