சிறிய குளியலறைக்கு வட்டமா, நீள்வட்டமா? டாய்லெட் பவுல் வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

முதல் வீட்டுச் சாவி கைக்கு வந்தாச்சு. சோஃபா, விளக்கு, சமையலறை மேடை என்று எல்லாவற்றுக்கும் நேரம் ஒதுக்குவோம். டாய்லெட் பவுலை மட்டும் கடைசி நாளில், கடையில் பார்த்த அழகை வைத்து முடிவு செய்வோம்.

ஆனால் சிறிய குளியலறையில் தவறான பவுல் வந்தால் கதவு இடிக்கும், முழங்கால் முட்டும். சில சமயம் பவுலைப் பொருத்தவே முடியாது.

எப்படித் தேர்வு செய்வது?

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

வட்டம், நீள்வட்டம் என்பது பவுலின் விளிம்பு வடிவம். அமெரிக்கச் சந்தையில் இந்த இரண்டும் வழக்கமான அளவுகள். இருக்கையைப் பொருத்தும் துளைகளிலிருந்து முன்விளிம்பு வரை அளந்தால், வட்டப் பவுல் சுமார் 42 செ.மீ., நீள்வட்டப் பவுல் சுமார் 47 செ.மீ. இருக்கும். வித்தியாசம் ஏறக்குறைய 5 செ.மீ.

சிங்கப்பூர்க் கடைகளில் எல்லாப் பவுலிலும் இந்தப் பெயர் எழுதியிருக்காது. பொருளின் அளவு வரைபடத்தைக் கேளுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் மில்லிமீட்டரில் இருக்கும். பெயரை விட அந்த எண்களை நம்புவது நல்லது.

5 செ.மீ. தானே, அதனால் என்ன?

பெரிய குளியலறையில் ஒன்றுமில்லை. சிறிய இடத்தில் நிறைய இருக்கு.

உதாரணத்துக்கு, பவுலுக்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை 125 செ.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 66 செ.மீ. நீளமுள்ள வட்டப் பவுலைச் சுவரை ஒட்டி வைத்தால் முன்னால் 59 செ.மீ. மிஞ்சும். 72 செ.மீ. நீளமுள்ள நீள்வட்டப் பவுலை வைத்தால் 53 செ.மீ.தான்.

அமெரிக்க விதித்தொகுப்புகள் பவுலுக்கு முன்னால் குறைந்தது 53 அல்லது 61 செ.மீ. இடைவெளி கேட்கின்றன. பக்கவாட்டில், பவுலின் நடுக்கோட்டிலிருந்து சுவர் வரை 38 செ.மீ. வேண்டும். நம் வீட்டுக்கு அது சட்டமில்லை. ஆனாலும் உட்கார்ந்து எழ வசதியாக இருக்குமா என்று பார்க்க நல்ல அளவுகோல்.

கதவையும் மறக்காதீர்கள். உள்பக்கம் திறக்கும் கதவு என்றால், முழுதாகத் திறந்த நிலையில் வைத்து அளக்க வேண்டும். மடிப்புக் கதவு, இழுவைக் கதவு என்றால் கொஞ்சம் கூடுதல் இடம் கிடைக்கும்.

வடிவத்தை விட முக்கியமான ஓர் எண்

பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்.

கழிவு வெளியேறும் குழாய் தரைக்குள் இறங்கினால் அது எஸ்-டிராப். சுவருக்குள் போனால் பி-டிராப். எஸ்-டிராப் என்றால், பின்சுவரிலிருந்து தரைக்குழாயின் நடுப்புள்ளி வரை எவ்வளவு தூரம் என்று தெரிய வேண்டும். அது 100, 150, 200, 250, 305 மில்லிமீட்டர் என்று வீட்டுக்கு வீடு மாறலாம். பவுலும் அதே அளவுக்குத் தயாரிக்கப்பட்டிருக்க வேண்டும்.

குழாய் 305 மி.மீ. தூரத்தில் இருக்கும்போது 200-க்கான பவுலை வாங்கினால், அதன் பின்னால் 10 செ.மீ. வெற்றிடம் விழும். வட்டப் பவுல் மிச்சப்படுத்தும் இடத்தைப்போல் இரண்டு மடங்கு வீண்! தலைகீழாக, குழாய் 200-இல் இருக்க 305-க்கான பவுலை வாங்கினால், தண்ணீர்த் தொட்டி சுவரில் இடிக்கும். பவுல் உட்காரவே உட்காராது.

பழைய ஓடுகள் மேலேயே புதிய ஓடு ஒட்டுகிறீர்களா? சுவர் ஒன்றிரண்டு செ.மீ. முன்னால் வந்துவிடும், அதனால் அந்தத் தூரமும் குறையும். ஓட்டு வேலை முடிந்தபின் எவ்வளவு இருக்கும் என்று குத்தகையாளரிடம் கேட்டு, அந்த எண்ணை வைத்தே பவுலை வாங்குங்கள்.

குழாயை நகர்த்திவிட்டால் போச்சு, இல்லையா?

அவ்வளவு எளிதல்ல. புதிய வீவக வீடுகளில், புளோக் கட்டி முடிக்கப்பட்டதிலிருந்து 3 ஆண்டுகளுக்குக் குளியலறையின் தரை ஓடுகளையும் சுவர் ஓடுகளையும் அகற்ற அனுமதி இல்லை. ஓடுகளுக்கு அடியில் நீர்க்கசிவைத் தடுக்கும் படலம் இருக்கிறது. அது சேதமடைந்தால் தண்ணீர் கீழ்வீட்டுக் கூரையில் சொட்டும். பழுதுபார்க்கும் பொறுப்பு மேல்வீட்டுக்காரருக்கும் கீழ்வீட்டுக்காரருக்கும் சேர்ந்தே வரும்.

ஆகவே புது வீட்டில் இருப்பவர்கள் குழாய்க்கு ஏற்ற பவுலைத்தான் தேட வேண்டும்.

யார் பயன்படுத்தப் போகிறார்கள்?

நீள்வட்டப் பவுலில் தொடைக்குக் கூடுதல் ஆதரவு கிடைக்கும். உயரமானவர்களுக்கும் அதிக நேரம் உட்காருபவர்களுக்கும் அது வசதி. சின்னப் பிள்ளைகளுக்கு வட்டப் பவுல் போதும்.

வீட்டில் தாத்தா, பாட்டி இருந்தால் வடிவத்தை விட உயரத்தைக் கவனியுங்கள். இருக்கை சற்று உயரமாக, அதாவது 43 செ.மீ.க்கு மேல் இருந்தால் மூட்டுவலிக்காரர்கள் எழுவது சுலபம். பக்கத்தில் கைப்பிடி பொருத்த இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். தகுதிபெறும் வீவக வீடுகளில் 65 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்காக, 'ஈஸ்' திட்டத்தின்கீழ் மானிய விலையில் கைப்பிடிகள் பொருத்தித் தரப்படுகின்றன.

தண்ணீர்ச் செலவு?

அது வடிவத்தைப் பொறுத்ததல்ல. நீர்ச் சிக்கன முத்திரையில் எத்தனை குறியீடுகள் இருக்கின்றன என்று பாருங்கள். கூடுதல் குறியீடு என்றால் குறைவான தண்ணீர். 2024 ஏப்ரலில் வீவக வீடுகளுக்கு அறிமுகமான 300 வெள்ளி பருவநிலைப் பற்றுச்சீட்டுகளை, 3 குறியீடு பெற்ற பவுல்கள் வாங்கவும் பயன்படுத்தலாம்.

கடைக்குப் போகுமுன்

- எஸ்-டிராப்பா, பி-டிராப்பா?
- பின்சுவரிலிருந்து குழாயின் நடுப்புள்ளி வரை எவ்வளவு?
- பின்சுவரிலிருந்து எதிரே உள்ள சுவர், கதவு அல்லது கைகழுவும் தொட்டி வரை எவ்வளவு?
- பக்கச் சுவர்கள் எவ்வளவு தள்ளி இருக்கின்றன?

இவற்றைத் தொலைபேசியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு சோதனை: வாங்க நினைக்கும் பவுலின் அளவுக்கு ஓர் அட்டையை வெட்டி, அது வரவேண்டிய இடத்தில் தரையில் வையுங்கள். கதவைத் திறந்து மூடுங்கள். எதிரே நின்று திரும்பிப் பாருங்கள்.

முன்னால் 60 செ.மீ.க்கு மேல் மிஞ்சினால் நீள்வட்டத்துக்குத் தாராளமாகப் போகலாம். அதற்குக் கீழே என்றால் வட்டமே நிம்மதி.