அட்டவணையில் இல்லாத தலைப்பு

தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தின் கதையை நாயக்கர், மராட்டியர், இரண்டாம் சரபோஜி, 1918இல் பொது நூலகம் ஆனது, 1983இல் தேசிய முக்கியத்துவம் பெற்றது என்று வரிசையாகச் சொல்வது வழக்கம். அதை மற்றக் கட்டுரைகள் சொல்லட்டும். இங்கே சொல்ல நினைப்பது, பெண்ணிய ஆய்வு இந்த நூலகச் சுவடிகளைத் தேடி வந்த கதை.

ஆங்கிலேய அதிகாரி பர்னெல் 1880 வாக்கில் நூலகத்தின் வடமொழிச் சுவடிகளை வகைப்படுத்தினார். 1928 முதல் பி. பி. எஸ். சாஸ்திரி விரிவான அட்டவணைகளைக் கொண்டுவந்தார். வேதம், இலக்கணம், தருமசாத்திரம், காவியம் எல்லாம் உண்டு. பெண்கள் எழுதியவை என்று தலைப்பு இல்லை. அன்றைக்கு அதை யாரும் கேட்கவுமில்லை.

ரகுநாத நாயக்கரைப் பாடிய இராமபத்ராம்பாவின் வடமொழிக் காவியத்தையே எடுத்துக்கொள்வோம். சரித்திரக்காரர்கள் அதில் தேடியது போர்களை. சென்னைப் பல்கலைக்கழகம் 1934இல் அச்சிட்டபோதும் அது நாயக்கர் வரலாற்றுக்கான சான்றுதான். அவைப் பெண்களின் பன்மொழிப் புலமையை அதே காவியம் விவரிக்கிறது. பெண்ணியவாதிகள் வந்தபிறகே அந்தப் பகுதிக்கு மவுசு. புத்தகம் மாறவில்லை, கேள்விதான் மாறியது.

பதினெட்டாம் நூற்றாண்டுத் தஞ்சையில் திரியம்பகயஜ்வன் ஸ்திரீதர்மபத்ததி எழுதினார். இருள் பிரியுமுன் எழுவதிலிருந்து இரவு படுக்கும்வரை மனைவி செய்யவேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. ஜூலியா லெஸ்லி அதை ஆராய்ந்து 1989இல் நூலாக்கினார். அதே நூற்றாண்டில், அதே ஊரில், மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் அவையில் முத்துப்பழனி தெலுங்கில் ராதிகா சாந்த்வனம் பாடினார். ராதையின் ஆசை, பொறாமை, கோபம் எல்லாம் அதில் தாராளம். பெங்களூர் நாகரத்தினம்மாள் 1910இல் அதைப் பதிப்பித்தார். அடுத்த ஆண்டே அரசு தடை போட்டது. 1947இல்தான் தடை நீங்கியது. சூசி தாரு, கே. லலிதா தொகுத்த இந்தியப் பெண் எழுத்துத் தொகுப்பு (1991) இந்தக் கதையை நாடெங்கும் வகுப்பறைகளுக்குக் கொண்டுபோனது. ஸ்திரீதர்மபத்ததியையும் ராதிகா சாந்த்வனத்தையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

பிறகு, மராட்டியர் காலத்து மோடி எழுத்து ஆவணங்கள். தமிழ்ப் பல்கலைக்கழகம் 1989இல் அவற்றின் தமிழாக்கத்தை வெளியிட்டது. அரண்மனைக் கணக்குகளிலிருந்து நடனப் பெண்களின் வாழ்க்கையை எழுப்பியது தாவேஷ் சொனேஜியின் 2012 நூல். இலக்கியக்காரர் கையிலிருந்த ஆய்வு கணக்குப் படிப்பவர் கைக்கு வந்துவிட்டது.

ஆனால் தஞ்சை டெல்டா என்றால் அரண்மனை மட்டுமா? நடவிலும் களையெடுப்பிலும் இடுப்பொடியக் குனிந்தவர்களை ஏட்டில் தேடிக் காண்பது அரிது. அவர்களைப் பற்றிய கேள்வியை வயலில் இறங்கிக் கேட்டவர்கள் மானிடவியலாளர் ஜோன் மென்ச்சரும் பொருளியலாளர் கே. சாரதாமணியும். தமிழகம், கேரளம், வங்காளம் ஆகியவற்றின் நெல் வயல்களை வைத்து 1982இல் அவர்கள் எழுதிய கட்டுரை, நிலமற்ற குடும்பங்களில் பெண்ணின் கூலிதான் அடுப்பெரிக்கிறது என்பதை நிறுவியது.

ஏட்டு வழியும் வயல் வழியும் இன்னும் சேரவில்லை. மராட்டியர் நடத்திய சத்திரங்களில் அன்றாடம் எத்தனை பேருக்குச் சோறு! அந்த நெல்லைக் குத்தியவர் யார், கூலி என்ன என்று மோடிக் கட்டுகளில் தேடிப்பார்க்க முனைவர் பட்ட மாணவி ஒருவர் வரலாம். மோடி எழுத்து மட்டும் படிக்கப் பழகிக்கொண்டு வரவேண்டும்.