வேளையும் ஆளும்

வெள்ளாற்றை அடுத்த பெண்ணாடத்திலே, உறங்கும் யானையின் முதுகைப் போல வளைந்த விமானத்தையுடைய தூங்கானை மாடத்தில், உச்சிக்கால பூஜை நிறைவுற்று நடை சாத்தப்பட்டுவிட்டால், சென்னையிலிருந்து ரயிலேறி வந்தவராயினும் பக்கத்துத் தெருக்காரராயினும், மாலையில் நடை திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். பேரு தேசத்து மலைமுகட்டில் பதினைந்தாம் நூற்றாண்டில் இன்கா மன்னர் எழுப்பிய மாச்சு பிச்சுவுக்குச் செல்வோர், 2017 முதல் முற்பகல், பிற்பகல் என்ற இரு முறைகளாகவும், 2019 முதல் மணி குறித்த சீட்டுடனும் அனுமதிக்கப்படுகிறார்கள். வகுத்த வழியிலேயே நடக்க வேண்டும் என்ற கட்டளையும் அவர்களுக்கு உண்டு. இச்செய்தி நமக்கு அவ்வளவு நூதனமாகத் தோன்றுவதில்லை. அங்கே, மிதிபட்டுத் தேயும் கல்லை முன்னிட்டு நேரம் வகுத்தார்கள். இங்கே, இறைவனை ராஜோபசாரத்துக்குரியவனாகக் கொண்டு, அவன் துயிலெழுவது, நீராடுவது, அமுது செய்வது, பள்ளியறைக்கு எழுந்தருளுவது என்று ஒரு தினசரியை அமைத்து, தரிசன வேளையை அதனோடு பிணைத்தார்கள்.

சிதம்பரத்தில் இந்தப் பிணைப்பு மிகவும் இறுக்கமானது. நாள்தோறும் ஆறு கால பூஜை; அந்த ஆறு காலத்திலும் ஸ்படிக லிங்கத்துக்கு அபிஷேகம்; நடராஜ மூர்த்திக்கோ ஆண்டு முழுவதிலும் ஆறே அபிஷேகங்கள், அவற்றுள்ளும் ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்குமே ஜனசமுத்திரம் திரளும். திருவாரூரில் சாயரட்சையையும் தில்லையில் அர்த்தசாமத்தையும் தரிசிப்பதே விசேஷம் என்று பெரியோர் சொல்லிவந்ததால், இரவு வெகுநேரம் கண்விழித்துக் காத்திருக்கும் பக்தர்களை அங்கே இன்றும் காணலாம். இந்த நியமத்தில் எவருக்கும் மனக்குறை எழுந்ததாகத் தெரியவில்லை. சாத்திய கதவு செல்வனுக்கும் சாத்தியது, ஏழைக்கும் சாத்தியதல்லவா?

ஆளைப் பற்றிய நியமத்தின் சரித்திரமோ முற்றிலும் வேறு. சமண சமயத்தைத் தழுவியிருந்த தம் உடல் சிவனுக்கு ஏற்றதன்று என்று வருந்திய திருநாவுக்கரசர், அதன் மீது சூலமும் இடபமும் பொறிக்கப்பட வேண்டுமென்று பெண்ணாடத்து இறைவனிடம் விண்ணப்பித்து, அவ்வாறே தோளில் முத்திரை பெற்று, திருஅரத்துறையும் திருமுதுகுன்றமும் வணங்கித் தில்லைக்குச் சென்றார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. அதே தில்லையை நாடிய, நந்தனார் என்றும் வழங்கும் ஆதனூர்த் திருநாளைப்போவாரும் தம் உடலை நினைத்தே தயங்கினார். ஆனால் நாவுக்கரசரைத் தடுத்தது அவருடைய மனமொன்றே; அவர் தயக்கத்தைத் தோள்முத்திரை தீர்த்தது. திருநாளைப்போவாரைத் தடுத்தது பிறப்பைச் சொல்லி ஊர் எழுப்பிய மதில். நெருப்பில் மூழ்கி வேறு வடிவம் கொண்டு எழுந்த பின்னரே அவருக்கு உள்ளே இடம் கிடைத்தது. அந்த நெருப்பைத் திருவருள் என்று கொண்டாடும் பக்தர்களின் உள்ளத்தை நான் மதிக்கிறேன். எனினும், வந்த உருவத்தோடே அவரை ஏன் அழைத்துச் செல்லவில்லை என்ற கேள்வி, கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தைக் கேட்டுக் கண்ணீர் பெருக்கிய சபைகளில் எழுந்திருக்க வேண்டியதே.

சிதம்பரத்திலேயே அந்த அடியாரின் பெயரால் 1916-இல் பள்ளி நிறுவிய சுவாமி சகஜானந்தர், கேள்வியோடு நில்லாமல் கல்வியைக் கொடுத்தார். 1936-இல் திருவிதாங்கூர் மன்னரின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளிவந்தது. 1939 ஜூலை 8-ஆம் நாள் வைத்தியநாத ஐயர் ஹரிஜனங்களையும் நாடாரையும் மதுரை மீனாட்சி சந்நிதிக்கு அழைத்துச் சென்றார். அவ்வாறு அழைத்துச் சென்றோர்க்குச் சட்டப் பாதுகாப்பும் அவ்வாண்டே கிடைத்தது. 1947-இல் சென்னை மாகாணத்தின் ஆலயப் பிரவேசச் சட்டம், சகல ஹிந்துக்களுக்கும் கோயில் கதவு திறந்ததென்று விதித்தது.

கதவு திறந்த பின்னும் சிதம்பரத்தில் படி ஒன்று எஞ்சி நின்றது. சிற்சபைக்கு முன்னுள்ள கனகசபையின் மீதேறி வழிபடுவது குறித்து எழுந்த பிணக்கில், பக்தர்கள் ஏறித் தரிசிக்கலாம் என்று தமிழக அரசு 2022 மே மாதத்தில் ஆணை பிறப்பித்தது. மறு ஆண்டு ஆனித் திருமஞ்சன உற்சவத்தின்போது, நான்கு நாட்களுக்குக் கனகசபை மீது ஏற அனுமதியில்லை என்று கோயில் பூஜகர்களான தீட்சிதர்கள் பலகை வைக்க, அறநிலையத் துறையினர் அதனை அகற்றினர். தீட்சிதர்கள் கேட்டது வேளையைப் பற்றிய சலுகை. துறையினர் அதில் கண்டதோ ஆளைப் பற்றிய பழைய தடை.