உயிரின் விலையும் உழைப்பின் கணக்கும்: கல்முனைக் கரையோரத்தில் விபத்து நட்டஈட்டுச் சட்டத்தின் வரலாறு

பொத்துவிலிலிருந்து மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் பெருந்தெரு அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை ஆகிய முஸ்லிம் ஊர்களை ஊடறுத்துச் செல்கின்றது. இத்தெருவில் ஒருவன் வாகனத்தில் மோதுண்டு இறப்பின், அவன் மனைவி நட்டஈடு கோரி மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம். திருமணத்திலும் மரபுரிமையிலும் அவளை ஆள்வது முஸ்லிம் சட்டம். நட்டஈட்டிலோ உரோமன் ஒல்லாந்தச் சட்டம். இவ்விரண்டும் ஒரே பெண்ணின் வழக்கிற் சந்திக்குமிடமே ஈண்டு ஆராயப்படுகின்றது.

இப்பிரிவினை ஆங்கிலேயர் காலத்தில் உறுதியாயிற்று. ஒல்லாந்தர் காலத்துச் சட்டங்களைத் தொடர்ந்து கைக்கொள்ளுமாறு 1799 செப்டெம்பர் 23ஆம் நாட் பிரகடனம் பணித்தது. 1806இல் வெளியிடப்பட்ட முஸ்லிம் சட்டக்கோவை 1852இல் நாடு முழுவதற்கும் விரிக்கப்பட்டது. எனினும் அதன் பொருள் குடும்பமும் சொத்துரிமையுமே. உயிரிழப்பிற்கு இறந்தார் குடும்பத்திற்கு ஈடு வழங்கும் ‘தியத்’ என்னும் இசுலாமிய நெறி அதில் இடம்பெறவில்லை. ஆகவே, தன் சமயநெறி உயிருக்கு ஓர் ஈட்டை வகுத்திருப்பினும், அதனை நீதிமன்றத்திற் கோர இக்கரையோரப் பெண்ணுக்கு வழியில்லாது போயிற்று.

அவளுக்கு வாய்த்த சட்டத்தின் வேரோ கி.மு. 3ஆம் நூற்றாண்டின் அக்குவிலியச் சட்டத்தில் உள்ளது. பிறனுடைய அடிமையையோ கால்நடையையோ கொன்றவன், முந்திய ஓராண்டில் அதற்கிருந்த அதியுயர் விலையை உடையவனுக்குக் கொடுத்தல் வேண்டும் என்பது அதன் முதல் விதி. சுதந்திர மனிதனின் உடலுக்கோ விலையில்லை என உரோம நூலோர் கொண்டனர். உயர்ந்த எண்ணமே; ஆயின் விலையற்றது என்றதனால் ஈடும் அற்றதாயிற்று. இவ்விடர்ப்பாட்டைத் தீர்த்தவர் ஒல்லாந்தர். இறந்தவன் உழைப்பால் வாழ்ந்த மனைவி மக்கள் அத்தாபரிப்பின் இழப்பைக் கோரலாம் என 1631இல் வெளிவந்த தம் நூலிற் குரோசியஸ் எழுதினார். உயிரை விடுத்து உழைப்பைக் கணக்கிடும் இம்முறையே இலங்கைக்கு வந்தது.

உழைப்பைக் கணக்கிடுதல் அரசாங்க எழுதுவினைஞன் ஒருவனின் வழக்கில் எளிது. சம்பளப் பட்டியல் போதும். கரைவலை இழுப்பவனுக்கு அத்தகைய பட்டியல் ஏது? வலைச் சொந்தக்காரனின் பங்கு போக எஞ்சியது இழுத்தோரிடையே பிரிக்கப்படும்; மீன்படாத நாளிற் பங்குமில்லை. மருதமுனை நெசவாளியின் கூலி நெய்து கொடுத்த சாரங்களின் தொகையைப் பொறுத்தது. சம்மாந்துறை வயலிற் போடியாரிடம் வேலை செய்பவன் போக முடிவில் நெல்லாகவே கூலி பெறுதலும் உண்டு. இவர்தம் விதவைகள் வருமானத்தை நிறுவ வாய்மொழிச் சான்றையே நம்புதல் வேண்டும். ஒல்லாந்த நூலோர் வகுத்த நெறி தன்னளவில் நியாயமானதே. எழுத்தில்லாத உழைப்பு நீதிமன்றத்திற் சிறுத்துப்போதலே அதன் குறை.

இன்னொரு சிக்கல் வீடு பற்றியது. இக்கரையோரத்திற் பெண்ணுக்குச் சீதனமாக வீடு கொடுத்தலும் கணவன் அவ்வீட்டிற் சென்று வாழ்தலும் மரபு. வீடு அவளுடையதாகையால் இழப்புக் குறைவென வாதிடல் பொருந்துமா? பொருந்தாது என்பதே என் கருத்து. மனைவி செல்வமுடையவளாயினும் அவளைத் தாபரித்தல் கணவன் கடனென முஸ்லிம் சட்டம் கூறுகின்றது. இழந்தது அக்கடனின் பயனேயன்றிக் கூரையன்று.

திருமணப் பதிவும் நோக்கற்பாலது. இதே ஒல்லாந்தச் சட்டம் வழங்கும் தென்னாபிரிக்காவில், இசுலாமிய முறைப்படி மட்டும் மணந்த விதவைகளின் கோரிக்கைகள் நெடுங்காலம் மறுக்கப்பட்டன. 1999இலேயே அந்நாட்டு மேன்முறையீட்டு உயர்மன்று, பிரதம நீதியரசர் இசுமாயில் முகம்மதுவின் தீர்ப்பால், அத்தகையாள் ஒருத்திக்கு வாகன விபத்து நிதியத்திடம் ஈடு கோரும் உரிமையை ஏற்றது. இலங்கையில் இத்தடை எழவில்லை. பதியாமை ஒன்றே காரணமாக முஸ்லிம் திருமணம் செல்லாததாகாது என்பது 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின் நிலைப்பாடு.

தீர்ப்புக் கிடைப்பினும் வாகனக்காரனிடம் பணமில்லையேல் என் பயன்? இதற்கு விடையாக வந்ததே மூன்றாந் திறத்தார் காப்புறுதி. பிரித்தானியா 1930இல் அதனைக் கட்டாயமாக்கியது; இலங்கை 1938ஆம் ஆண்டின் மோட்டார் வாகனக் கட்டளைச்சட்டத்தாலும் பின்னர் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தாலும் அவ்வழி சென்றது. உரிமையாளனுக்கெதிரான தீர்ப்பின் தொகையைக் காப்புறுதியாளர் செலுத்துதல் வேண்டும். ஆனால், வழக்குத் தொடுக்கு முன்னரோ தொடுத்து 7 நாட்களுக்குள்ளோ அவருக்கு அறிவித்தல் கொடுக்கப்பட்டிருத்தல் வேண்டும். வழக்கையே 2 ஆண்டுகளுக்குள் தொடுத்தல் வேண்டுமென்பது 1871ஆம் ஆண்டின் விதி. துயரத்தில் ஆண்டு கழிவதும், அறிவித்தலில் நாள் தவறுவதும் நடைமுறையில் எளிது. கவலையீனம் எவருடையது என்று ஆராயுமுன்னரே வழக்கு வீழ்ந்துவிடும்.

1964இற் பொதுக் காப்புறுதி முழுவதும் அரச கூட்டுத்தாபனத்தின் கையில் வந்தது. 1988இலேயே தனியாருக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டது. அதற்கிடையிற் காப்புறுதி வழக்கென்பது விதவைக்கும் அரச நிறுவனத்துக்கும் இடைப்பட்டதாகவே இருந்தது. அரசே தவறிழைத்தபோது நிலைமை இன்னும் கடினம். 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை, திணைக்கள லொறி மோதியதற்கு அரசின்மீது வழக்கிட இயலாது, சாரதியின்மீதே இடலாம். இறந்தவன் பங்கிலும் சிறிது தவறிருப்பின் முழுக் கோரிக்கையும் வீழும் நிலையை 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் மாற்றித் தவறுக்கேற்ப ஈட்டைப் பகுத்தது.

துயரத்திற்கு மட்டும் நெடுங்காலம் ஈடில்லை. சிறுமி ஒருத்தியின் மரணம் பற்றிய மருத்துவ வழக்கில் 2001இல் உயர் நீதிமன்றம் இதனை மீண்டும் வலியுறுத்தியது. உழைக்காத பிள்ளையை இழந்த பெற்றோருக்கு அக்குவிலியச் சட்டத்தில் ஏறத்தாழ எதுவுமே இல்லை. 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டமே, பிறர் தவறால் இறந்தவரின் குடும்பத்தார் ஈடு கோரும் உரிமையை விரித்து, அன்பும் அரவணைப்பும் இழந்தமையைக் கணக்கிற் சேர்த்தது.

தமிழ்நாட்டில் இத்தகையோர் செல்லுமிடம் வேறு. 1956ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே இந்தியாவில் விபத்துக் கோரிக்கைகளுக்கெனத் தனித் தீர்ப்பாயங்கள் அமைந்தன; 1982இல் எவர் தவறென்று நிறுவாமலே ஒரு சிறு தொகை பெறவும் வழி பிறந்தது. கல்முனைப் பெண்ணோ வழக்கறிஞர் ஒருவரை அமர்த்தி, வழமையான குடியியல் வழக்காகவே தன் கோரிக்கையை எழுதுவித்துக் கொடுக்கின்றாள்.